கோப்பு அனுப்பச் சொந்தச் சொக்கெட் நிரலா, ஆயத்தக் கருவியா? மலையகத்துக் கணினி அறைக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் ஓர் ஒப்பீடு

ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கோப்பு அனுப்பும் தேவையை ஆராய, மலையகத்தில் இரண்டு இடங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று அட்டன் பக்கத்துப் பாடசாலையொன்றின் கணினி அறை. ஒரே சுவிட்சில் இருபது கணினிகள் இணைந்திருக்கின்றன. கடந்தகால வினாத்தாள்களும் பாட வீடியோக்களும் ஆசிரியரின் கணினியில் இருக்கின்றன. வெளி இணையத்தை மட்டும் நம்ப முடியாது. மற்றையது ஒரு தேயிலைத் தோட்டம். டிவிஷன் அலுவலகத்தில் பதிவாகும் செக்ரோலும் (தொழிலாளரின் வேலை, சம்பளப் பதிவேடு) கொழுந்து நிறை விவரங்களும் மலைக்கு அப்பாலுள்ள தொழிற்சாலை அலுவலகத்துக்கு நாள்தோறும் போய்ச் சேர வேண்டும். இரண்டு இடங்களிலும் முன்னால் இருக்கும் தெரிவுகள் ஒன்றுதான்: டிசிபி சொக்கெட்டைக் கொண்டு நாமே நிரல் எழுதலாம், யுடிபி சொக்கெட்டைக் கொண்டு எழுதலாம், பிறர் எழுதிப் பண்படுத்திய கருவியொன்றை எடுத்துக்கொள்ளலாம், அல்லது பென் டிரைவில் போட்டுக் கையில் கொடுத்துவிடலாம். டிசிபி, யுடிபி இரண்டும் வலையமைப்பில் தரவை அனுப்பும் நெறிமுறைகள்; சொக்கெட் என்னவென்று சற்றுப் பின்னர் சொல்கிறேன்.

இத்தெரிவுகளை ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் கேட்பது வேகத்தைப் பற்றித்தான். மின்சாரம் சொல்லாமல் போகும், சிக்னல் மழையோடு தள்ளாடும் ஓரிடத்தில் அதைவிட முந்திக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அனுப்பிக்கொண்டிருக்கும்போது நடுவில் அறுந்தால் என்ன நடக்கும்? பெறும் பக்கத்தில் பாதிக் கோப்பு முழுக் கோப்பின் பெயரோடு உட்கார்ந்திருக்குமா, அறுந்த இடத்திலிருந்து தொடருமா, அறுந்தது யாருக்காவது தெரியுமா? கீழே உள்ள தீர்ப்புகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியை வைத்தே எழுதப்பட்டவை.

சொக்கெட் என்பது நிரலுக்கும் வலையமைப்புக்கும் இடையிலுள்ள வாசல். 1983 இல் வெளியான பெர்க்லி யுனிக்ஸ் 4.2 பதிப்போடு பரவிய அந்த இடைமுகம்தான் சிறு மாற்றங்களோடு இன்று வின்டோஸ், லினக்ஸ், அன்ட்ரொய்ட் எல்லாவற்றிலும் இருக்கிறது. பெறும் கணினி ஒரு போர்ட் எண்ணை (அழைப்பு எந்த நிரலுக்கு என்று காட்டும் எண்) பிடித்துக்கொண்டு அழைப்புக்காகக் காத்திருக்கும். அனுப்பும் கணினி அந்த முகவரிக்கும் எண்ணுக்கும் இணைப்புக் கேட்கும். இணைப்புக் கிடைத்ததும் இரு பக்கமும் பைட்டுகளை எழுதலாம், வாசிக்கலாம். பைதன் மொழியில் இதற்கு இருபது வரிகள் போதும். உயர்தர மாணவர் ஒருவர் ஒரு பிற்பகலில் எழுதி முடித்து, படமொன்றை அடுத்த மேசைக் கணினிக்கு அனுப்பிக் காட்டிவிடுவார். சிக்கல் எல்லாம் அந்த இருபது வரிகளுக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

டிசிபியில் நாமே எழுதுவது

டிசிபி நமக்காக நிறையச் செய்கிறது. தரவு துண்டு துண்டாகப் போகும் பொதிகளில் தொலைந்தவற்றை மீண்டும் அனுப்புகிறது, முன்பின்னாக வந்தவற்றை ஒழுங்குபடுத்துகிறது, வழியில் நெரிசல் ஏற்பட்டால் வேகத்தைத் தானாகக் குறைக்கிறது. 1981 இல் வரையறுக்கப்பட்ட அந்த நெறிமுறை 2022 இல் புதிய ஆவணமாகத் தொகுக்கப்பட்டபோதும் அடிப்படையில் மாறவில்லை. ஆனால் அது செய்யாத ஒன்றைச் செய்வதாக எண்ணித்தான் பலருடைய நிரல்கள் உடைகின்றன: எங்கே ஒரு செய்தி முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதை டிசிபி காப்பாற்றித் தருவதில்லை. லயத்துப் பீலியில் மேலே இரண்டு குடம் தண்ணீரை ஊற்றினால், கீழே விழுவதில் முதற்குடம் எது, இரண்டாம் குடம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது, டிசிபியும் அப்படித்தான். அனுப்புநர் 4096 பைட்டுகளை ஒரே தடவையில் எழுதியிருந்தாலும் பெறுநருக்கு அது 1460, 1460, 1176 என்று மூன்று துண்டாக வரலாம், அல்லது அடுத்த கோப்பின் தலைப்பகுதியோடு ஒட்டிக்கொண்டும் வரலாம். ஒரே கணினிக்குள் சோதிக்கும்போது பெரும்பாலும் ஒழுங்காக நடக்கும் நிரல், வைஃபையில் போட்டதும் தவறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஆகவே கோப்புக்கு முன்னால் அதன் அளவைச் சொல்லும் ஒரு தலைப்பை அனுப்ப வேண்டும். அளவுக்கு 8 பைட்டுகள் ஒதுக்குவது நல்லது; 4 பைட் குறியுடைய எண்ணில் 2 கிகாபைட்டைத் தாண்ட முடியாது, இன்றைய வீடியோக் கோப்பு அதை இலகுவாகத் தாண்டும். எண்ணைப் பெரிய இலக்கம் முன்வரும் வலையமைப்பு வரிசையில் எழுத வேண்டும். நம் மேசைகளிலுள்ள இன்டெல் வகைக் கணினிகள் அதற்கு நேர்மாறான வரிசையில் எண்களை வைத்திருப்பவை. அளவைச் சொல்லாமல், இணைப்பு மூடப்பட்டால் கோப்பு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும் குறுக்குவழி பல பயிற்சிப் பாடங்களில் காணப்படுகிறது. அது ஆபத்தானது. அனுப்பும் நிரல் நடுவில் பழுதாகி நின்றாலும் இயக்க முறைமை இணைப்பை ஒழுங்காகவே மூடிவிடக்கூடும். பெறும் பக்கம் பாதிக் கோப்பை முழுக் கோப்பென்று நம்பிச் சேமித்துவிடும்.

கோப்பின் பெயரையும் தலைப்பில் அனுப்ப வேண்டும், அங்கே தமிழுக்கென்று இரண்டு பொறிகள் காத்திருக்கின்றன. பெயரின் நீளத்தை எழுத்துகளில் எண்ணி அனுப்பினால் தவறிவிடும். யுடிஎப்-8 குறிமுறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகள் எடுக்கும். ‘தேயிலை’ என்ற பெயர் கண்ணுக்கு மூன்று எழுத்து, பைதனின் கணக்குக்கு ஆறு, வலையமைப்பில் போவதோ 18 பைட்டுகள். இரண்டாவது பொறி இன்னும் நுட்பமானது. ‘கொழுந்து’ என்பதிலுள்ள ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் வின்டோஸும் லினக்ஸும் அவற்றை வெவ்வேறு பெயர்களாகவே கொள்ளும். பழைய மெக் கணினிகளின் கோப்பு முறைமை தானாகவே பிரித்து வைத்துவிடும். ஒரே நாளின் கொழுந்துக் கணக்கு ஒரே பெயரில் இரண்டு கோப்புகளாகக் கிடந்து எழுதுவினைஞரைக் குழப்பாதிருக்க, பெயரை ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கிய பின்னரே அனுப்ப வேண்டும். பெறும் பக்கமும் வந்த பெயரை அப்படியே நம்பிவிடக் கூடாது; புள்ளிகளும் சாய்கோடுகளும் கொண்ட பெயரொன்றை அனுப்பி, குறித்த கோப்புறைக்கு வெளியே எழுதவைப்பது மிகப் பழைய தாக்குதல் முறை.

இனி மின்வெட்டு. எதிர்க் கணினியில் மின்சாரம் திடீரென்று போனால், இணைப்பு மூடப்பட்டதாக எந்தச் செய்தியும் வராது. பெறுநர் வாசிப்பதற்குக் காத்துக்கொண்டே இருப்பார். கால எல்லை வைக்காவிட்டால் அந்தக் காத்திருப்புக்கு முடிவே இல்லை. உயிரோடிருக்கிறாயா என்று கேட்கும் டிசிபியின் வசதியை இயக்கினாலும், லினக்ஸின் இயல்பு அமைப்பில் அது முதற்கேள்வியைக் கேட்பதற்கே இரண்டு மணிநேரம் எடுக்கும். அனுப்பும் பக்கமும் பதில் வராத பொதிகளைச் சுமார் 15 நிமிடங்கள் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்த பிறகே கைவிடும். எனவே ஒவ்வொரு வாசிப்புக்கும் அரை நிமிடம் போன்ற ஓர் எல்லையை நாமே வைக்க வேண்டும். அதோடு, வரும் பைட்டுகளை முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுவதும் வந்து, வட்டில் உண்மையாகவே பதிவானதை உறுதிசெய்த பின்னரே உரிய பெயருக்கு மாற்ற வேண்டும்.

அறுந்த இடத்திலிருந்து தொடர்வதற்கு வழி இருக்கிறது. அனுப்புநர் முதலில் கோப்பின் எஸ்எச்ஏ-256 கைரேகையை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் 32 பைட்டுகளை, அனுப்புகிறார். பெறுநர் அந்தக் கைரேகைக்குரிய பாதிக் கோப்பு தன்னிடம் இருக்கிறதா என்று பார்த்து, இத்தனையாவது பைட்டிலிருந்து தா என்று பதில் சொல்கிறார். கைரேகையைப் பார்க்காமல் அளவை மட்டும் வைத்துத் தொடர்ந்தால், இடையில் திருத்தப்பட்ட செக்ரோலின் பின்பாதி பழைய செக்ரோலின் முன்பாதியோடு ஒட்டிவிடும். முழுக் கோப்பும் வந்தபின் கைரேகையை மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடுவதும் தவிர்க்கக் கூடாதது. டிசிபியின் சொந்தச் சரிபார்ப்பு 16 பிட் மட்டுமே, எல்லாப் பிழைகளையும் அது பிடித்துவிடாது.

இவ்வளவையும் செய்து முடித்தால் இருபது வரி நிரல் சில நூறு வரிகளாகிவிடும். அந்தச் சில நூறு வரிகளை எழுதிப் பார்க்கும் மாணவர் வலையமைப்பைப் பற்றிக் கற்பது, எந்தப் பாடநூலும் தர முடியாத அளவு. அந்த நோக்கத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. தோட்டத்துச் சம்பளக் கணக்கை அதன்மேல் ஏற்றி வைப்பது வேறு விடயம். அதை எழுதியவர் வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போனபின் அதைப் பராமரிக்க யார் இருப்பார்கள் என்பதையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

யுடிபி வேகமானது என்ற நம்பிக்கை

யுடிபி 1980 இல் வரையறுக்கப்பட்டது. அதன் ஆவணம் மூன்றே பக்கங்கள். அது பொதியை அனுப்பும், அதோடு மறந்துவிடும். சேர்ந்ததா, ஒழுங்காகச் சேர்ந்ததா, இரண்டு முறை சேர்ந்ததா என்பதெல்லாம் நம் பொறுப்பு. டிசிபியின் சுமை இதில் இல்லாததால் கோப்பு வேகமாகப் போகும் என்று சொல்லப்படுவதை ஒரே சுவிட்சிலுள்ள இரண்டு கணினிகளுக்கு நான் ஏற்கமாட்டேன். நூறு மெகாபிட் சுவிட்சொன்றில் டிசிபி விநாடிக்கு ஏறத்தாழ 11.7 மெகாபைட் வரை அனுப்பும். கம்பியின் உச்சமே 12.5 தான். மிஞ்சியிருக்கும் அந்தச் சிறு இடைவெளியின் பெரும்பகுதி பொதித் தலைப்புகளுக்குப் போவது, யுடிபியாலும் அதைத் தவிர்க்க முடியாது. ஒவ்வொரு பொதிக்கும் எண்ணிட்டு, பதில் வாங்கி, வராததை மீண்டும் அனுப்பும் வேலையை நாம் எழுதி முடிக்கும்போது, டிசிபியின் மெலிந்த நகலொன்றை உருவாக்கியிருப்போம். டிஎப்டிபி என்ற பழைய நெறிமுறை அந்த வேலையை 512 பைட் துண்டுகளாக, ஒவ்வொன்றுக்கும் பதில் காத்து, எளிமையாகச் செய்கிறது; எளிமைக்கு அது கொடுக்கும் விலை மந்தம்.

யுடிபிக்கு உண்மையான நியாயம் இருப்பது ஒரே இடத்தில்தான்: ஒரே கோப்பை ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும்போது. 600 மெகாபைட் வீடியோவை இருபது கணினிகளுக்கு டிசிபியில் கொடுத்தால், ஆசிரியரின் கணினியிலிருந்து 12 கிகாபைட் வெளியேற வேண்டும். நூறு மெகாபிட்டில் அது 17 நிமிடங்கள், ஒரு பாடவேளையின் பாதி போய்விடும். 239 இல் தொடங்கும் குழு முகவரியொன்றுக்கு யுடிபியில் அனுப்பினால் கோப்பு ஒருமுறைதான் வெளியேறும், சுவிட்ச் அதை எல்லாப் பக்கமும் படியெடுக்கும். ஒரு நிமிடத்தையொட்டி முடிந்துவிடும், விடுபட்ட பொதிகளைப் பின்னர் கேட்டு வாங்கலாம். கம்பியில் இது அழகாக நடக்கும். வைஃபையில் நடக்காது, அங்கே குழுப் பொதிகள் பெற்றுக்கொண்டதற்கான பதில் இல்லாமலும், பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்திலும் அனுப்பப்படுகின்றன.

ஆனாலும் அந்த நிரலை எழுதத் தொடங்குவதற்கு முன், சுவிட்சைக் கவனிப்பது நல்லது. கிகாபிட் சுவிட்சொன்றை வைத்து ஆசிரியரின் கணினியைக் கிகாபிட்டில் இணைத்தால், மாணவர் கணினிகள் நூறு மெகாபிட்டிலேயே இருந்தாலும், அதே 12 கிகாபைட் இரண்டு நிமிடத்துக்குள் போய்விடும், சாதாரண டிசிபியிலேயே. நூறு மெகாபிட் இணைப்புக்கு நான்கு கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். பழைய கேபிள்களில் நான்கை மட்டும் இணைத்துத் தலை போட்டிருப்பார்கள். பல நேரங்களில் தேவைப்படுவது அந்தத் தலையை மாற்றும் கை வேலைதான்.

ஆயத்தக் கருவிகள்

கணினி அறைக்குள் இன்றே வேலை நடக்க வேண்டுமென்றால், பைதனோடு வரும் சிறு எச்டிடிபி சேவையகத்தை (பிரவுசருக்குப் பக்கங்களையும் கோப்புகளையும் வழங்கும் நிரல்) ஒரே வரியில் இயக்கலாம். ஆசிரியரின் முகவரியையும் 8000 என்ற போர்ட் எண்ணையும் பிரவுசரில் இட்டால், கோப்புப் பட்டியல் மாணவர் திரையில் வந்துவிடும். மாணவர் கணினியில் எதையும் நிறுவத் தேவையில்லை. அது இயங்கும் கோப்புறையிலுள்ள எல்லாவற்றையும் கடவுச்சொல் இல்லாமல் அறை முழுவதற்கும் திறந்துவிடும் என்பதால், தவணைப் பரீட்சை வினாத்தாள் அதே கோப்புறையில் கிடக்கக் கூடாது. வின்டோஸின் பகிர்ந்த கோப்புறையும் நல்ல தெரிவே. ஆனால் பழைய கணினிகளுக்காக அதன் முதற்பதிப்பு நெறிமுறையை மீண்டும் திறந்துவிடும் பழக்கத்தை விட வேண்டும், 2017 இல் வோனாகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் தீநிரல் பரவியது அந்த வழியாகத்தான். கோப்பு அனுப்பும் பழைய நெறிமுறையான எப்டிபியை நான் பரிந்துரைக்கமாட்டேன். கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்புவது ஒன்று, கட்டளைக்கு ஓர் இணைப்பு, தரவுக்கு இன்னோர் இணைப்பு என்று பிரித்து வைத்து ரவுட்டர்களோடு மல்லுக்கட்டுவது இன்னொன்று.

நடுவில் அறுந்தால் என்ன என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்பவை எஸ்எப்டிபி, ஆர்சிங்க் என்ற இரு கோப்பு அனுப்பும் கருவிகள். வின்டோஸ் 10 இன் 2018 ஆம் ஆண்டுப் பதிப்புகள் முதல் எஸ்எப்டிபி கூடவே வருகிறது. பாதியில் நின்ற கோப்பைத் தொடரும் கட்டளை அதில் உண்டு, போக்குவரத்து முழுவதும் மறைகுறியாக்கப்படுகிறது. 1996 இல் அன்ட்ரூ டிரிஜெல்லும் பால் மக்கராஸும் வெளியிட்ட ஆர்சிங்க் இன்னும் ஒரு படி மேலே சென்று, பழைய கோப்புக்கும் புதிய கோப்புக்கும் இடையில் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்புகிறது. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வளரும் பதிவேட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. வின்டோஸில் அதைத் தனியாக நிறுவ வேண்டியிருப்பதுதான் குறை.

மலைக்கு அப்பால்

அறைக்குள் நன்றாக ஓடிய சொக்கெட் நிரல், மஸ்கெலியாவிலிருந்து அட்டனுக்கு ஒருபோதும் இணையாமல் போவதற்கு நிரலில் பிழை காரணமாக இருக்க வேண்டியதில்லை. இரு அலுவலகங்களும் கைப்பேசி வலையமைப்பின் ரவுட்டரில் இருந்தால், இரண்டுக்கும் வெளியுலகிலிருந்து அழைக்கக்கூடிய ஐபிவி4 முகவரி (இணையத்தில் கணினியின் எண் முகவரி) இல்லாமலிருக்கலாம். ஒரே பொது முகவரியின் பின்னால் பல வாடிக்கையாளர்களை நிறுவனம் வைத்திருக்கும். ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 10 இல் தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரையிலான வரம்பில் இருந்தாலோ, அங்கே ஒரு போர்ட்டைத் திறந்து காத்திருப்பதால் எந்தப் பயனும் இல்லை. அப்போது இரு பக்கமும் வெளியே சென்று சந்திக்கும் மூன்றாவது இடம் ஒன்று தேவை.

இங்கே என் தெரிவு, கணினிகளுக்கிடையே கோப்புறைகளை ஒத்திசைக்கும் சின்க்திங் என்ற கருவி. தரவைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எஸ்எச்ஏ-256 கைரேகை பார்த்து, அறுந்தால் வராத துண்டுகளை மட்டும் எடுத்து, நேராக இணைய முடியாதபோது இடைச் சேவையகம் வழியே மறைகுறியாக்கி அனுப்புகிறது. மேலே நாமே எழுத வேண்டும் என்று சொன்னவற்றில் பெரும்பகுதி அதில் ஏற்கெனவே இருக்கிறது. இரு கணினிகளும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. டிவிஷன் அலுவலகம் பூட்டப்படும் முன் ஒரு மணிநேரமாவது இரண்டும் சேர்ந்திருக்குமாறு ஒழுங்கு செய்யலாம். ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும் என்பதால், டிவிஷன் பக்கக் கோப்புறையை அனுப்ப மட்டும் என்று அமைத்து, தொழிற்சாலைப் பக்கம் பழைய பதிப்புகளைக் காத்து வைக்கும் வசதியையும் இயக்க வேண்டும்.

இரண்டு கட்டடங்களும் ஒரே தோட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தால் நேரடியாக இணைக்கலாம், ஆனால் செப்புக் கம்பியால் அல்ல. அதன் எல்லை 100 மீற்றர் என்பது ஒருபுறமிருக்க, சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி விழும் மலைச்சரிவில், கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் செப்புக் கம்பி இரு பக்கச் சுவிட்சுகளையும் ஒருசேரக் கருக்கிவிடக்கூடியது. கண்ணாடி இழையோ, ஒரு திசை நோக்கிய 5 கிகாஹேர்ட்ஸ் அன்டெனாவோ தகும். அந்த அலைகளைப் பனிமூட்டம் பொருட்படுத்தத்தக்க அளவுக்குத் தடுக்காது. வழியில் வளர்ந்து நிற்கும் யூக்கலிப்டஸ் மரங்கள் தடுக்கும்.

பென் டிரைவை இகழ வேண்டியதில்லை. தொழிற்சாலைக்குக் கொழுந்து ஏற்றிச் செல்லும் லொறி எப்படியும் போகிறது. ஆனால் ஒரு நாளின் செக்ரோல் 500 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு ஒரு மெகாபிட் மட்டுமே தரும் நலிந்த இணைப்பிலும் அது நான்கு விநாடி வேலை. அதற்காக வைரஸையும் தொலைந்துபோகும் அபாயத்தையும் சுமக்கத் தேவையில்லை. தொழிலாளரின் பெயர், சம்பளம், கடன் கழிவுகள் அடங்கிய கோப்பு தனிப்பட்ட தரவு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கும் நாட்டில், மறைகுறியாக்காத சொக்கெட்டிலோ பூட்டில்லாத பென் டிரைவிலோ அதை அனுப்புவதற்கு அலுவலகம் நியாயம் சொல்ல முடியாது.

ஆகவே பாடசாலை அறையில் மாணவர் டிசிபி நிரலை எழுதட்டும், அன்றாட விநியோகத்தைப் பகிர்ந்த கோப்புறை பார்த்துக்கொள்ளட்டும். தோட்டத்தில் சின்க்திங்கோ, வெளியிலிருந்து அழைக்கக்கூடிய முகவரி இருந்தால் ஆர்சிங்கோ இருக்கட்டும். இதையும் மீறிச் சொந்த நிரலைத்தான் வேலைக்கு எடுப்பது என்று ஓர் அலுவலகம் முடிவுசெய்தால், ஏற்பதற்கு முன் சில சோதனைகளையாவது கேட்க வேண்டும். பெரிய கோப்பு பாதி போகும்போது ரவுட்டரின் மின்செருகியைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். பூச்சிய அளவுக் கோப்பையும், அளவு சரியாக 4096 இன் மடங்காக உள்ள கோப்பையும், தமிழ்ப் பெயருள்ள கோப்பையும் அனுப்ப வேண்டும். பெறும் பக்கத்து வட்டு, அவ்வளவு பெரிய கோப்பை ஏற்காத ஃபாட்32 கோப்பு முறைமையில் இருந்தால் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பொன்றை அனுப்பி, நிரல் பிழையைச் சொல்கிறதா, பேசாமல் வெட்டிவிடுகிறதா என்று பார்க்க வேண்டும்.